மூக்கக்காவும் மூலை வீட்டு அலமாரியும்

மூக்கக்கா சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த வீட்டுப் பெண் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் காத்திருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் திரும்ப மாட்டாள். தரை ஓரத்தில் தொடங்கி, இடுப்பு உயரம், தோள் உயரம் என்று ஏறி, எக்கினால் எட்டுகிற மட்டும் முகர்ந்து முடித்த பிறகுதான் மனிதர்களுக்கு முகம் கொடுப்பாள். முதலில் தேநீரை வாங்கிக்கொள்வாள். பிறகு, "இது ஒங்க வீட்டுத் தண்ணி இல்லம்மா, மேல் வீட்டுக் குளியலறை கசியுது. நான் போய்ப் பேசறேன். நீங்க போனா சண்டை வரும்" என்பாள். தேநீர் தீர்ந்ததும் சொன்னபடியே மாடி ஏறுவாள். மேல் வீட்டிலும் ஒரு தேநீர் உண்டு.

அவளுடைய உண்மையான பெயரைக் கேட்டால் குடியிருப்பில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். பட்டப்பெயரைக் கேள்விப்பட்டுப் புதிதாக வருகிறவர்கள் கிளி மூக்கை எதிர்பார்த்து வந்து ஏமாந்து போவார்கள். அவளுடையது சின்ன மூக்கு. கண்ணாடி நிற்கவே இடம் பற்றாமல் அடிக்கடி வழுக்கி இறங்கும். "கல்யாணத்தப்போ மூக்கும் முழியுமா இருந்தா. முழிக்குக் கண்ணாடி வந்துருச்சு, மூக்கு மட்டும் மிச்சம்" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைப்பார். அவர் தச்சர், வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் உளியை விடாதவர். ஊரார் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லித்தான் பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம். மூக்கக்காவுக்கு அதுவே வேலையாக வாய்த்துவிட்டது.

மூக்கு மட்டும் போதாது என்று முட்டியையும் சேர்த்துக்கொள்வாள். கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் தவழ ஆரம்பித்துவிடுவாள். "பெரியவங்க கண்ணுக்கு வீடு சுத்தமாத்தான் இருக்கும். கொழந்தை உசரத்துக்கு எறங்கிப் பாருங்க, அப்ப தெரியும் சேதி" என்பது அவள் கட்சி. சோபாவுக்கு அடியில் உருண்டு போன மாத்திரை, மேசைக்குப் பின்னால் தோலுரிந்து தொங்கும் வயர், துணி துவைக்கும் சோடாவைக் கரைத்து ஊற்றி வைத்த பழரசப் புட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவாள். ஒரு தடவை அப்படிக் கட்டிலுக்கு அடியில் போயிருந்தபோது வேலை முடிந்து வீடு திரும்பிய குடும்பத் தலைவர், தன் படுக்கையறையில் யாரோ ஒரு பெண்ணின் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டுவிட்டார். அக்கா அசரவில்லை. "திருடி இல்லைங்க. எலி மருந்தை இங்க வெச்சுட்டு மறந்திருக்கீங்க, அதை எடுத்துட்டு வரேன்" என்று உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். அந்த மனிதர் இப்போது குழுவில் ஜன்னல் கம்பி பொருத்தித் தருகிறார்.

குழு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. குடியிருப்பின் கீழ்த்தளத்தில், முன்பு ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய காப்பக அறை. ஆலையை மூடிய பிறகு பூட்டிக் கிடந்தது. மூக்கக்காவும் எலக்ட்ரீஷியன் ஒருவரும் சாவியைக் கேட்டு வாங்கித் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் வேலைக்காரர், கொத்தனார், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று அவரவருக்கு முடிந்த நேரத்தில் வந்து உட்காருவார்கள். யார் வீட்டில் என்ன கோளாறு என்றாலும் வந்து சொல்லலாம். யாராவது ஒருவர் அவர்களோடு கிளம்பிப் போவார். "எங்க வீட்டுல கோளாறு எங்க வீட்டுக்காரர்தான்" என்று ஒரு அம்மாள் வந்து சொன்னதும், "அதுக்கெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் வர்றதில்லைங்க" என்று எலக்ட்ரீஷியன் கை விரித்ததும் அந்த அறையின் பழைய கதை.

மூக்கக்காவைக் கேட்டால் இப்படி ஒரு குழு தேவைப்படுவதே கேவலம் என்பாள். ஆலைச் சங்கு ஊதிக்கொண்டிருந்த நாளில் இங்கே எந்தக் கதவும் சாத்தியிருக்காது. ஒரு வீட்டில் அடுப்பு புகைந்தால் அடுத்த வீட்டுக்காரி வந்து ஊதுவாள். குழந்தை விழுந்து அழுதால் பெற்றவளுக்கு முன்னால் மூன்று தலை வாசலில் எட்டிப் பார்க்கும். யார் வீட்டுப் படிக்கட்டில் எந்தப் படி ஆடும் என்று தபால்காரருக்குக்கூடத் தெரியும். "அப்பெல்லாம் யாரும் யாரையும் உதவின்னு கேட்டதில்ல. கேக்கறதுக்குள்ள வந்து நிப்பாங்க. சில சமயம் தொல்லையா இருக்கும், கதவைச் சாத்திக்கலாமான்னு தோணும்" என்று சிரிப்பாள். இப்போது எல்லாக் கதவிலும் பார்க்கும் துளை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு கண் வந்து நிற்பதையும், நின்று யோசிப்பதையும், சத்தமில்லாமல் திரும்பிப் போவதையும் அவள் வெளியே நின்று பார்த்திருக்கிறாள்.

கடைசி வரிசையில், மாடியில், மூலை வீடு அவளுடையது. வாடகைக்கோ விலைக்கோ அல்ல, நினைப்பில் அவளுடையது. கல்யாணமாகி வந்து இறங்கியது அங்கேதான். இரண்டு பெண்களையும் பெற்று வளர்த்தது அங்கேதான். அந்தக் காலத்தில் ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் பறந்து வந்து சுவரின் காற்றுத் துளை வழியாக இறங்கும். காலையில் பார்த்தால் தொட்டில் குழந்தையின் நெற்றியில் பொட்டுப் பொட்டாகக் கரி. தச்சர் அந்தத் துளையை அடைத்து, வெளிச்சுவர் முழுவதையும் மறைத்துத் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு அலமாரி செய்தார். ஒரு ஆணி கிடையாது, எல்லாம் பொருத்துதான். கீழ்த்தட்டுக்குள் சின்னவள் போய் ஒளிந்துகொள்வாள். அவளை வெளியே கூப்பிட வேண்டும் என்ற சாக்கில் மூக்கக்காவும் உள்ளே தலையை நீட்டி, அந்தப் பலகையும் துணியும் கலந்த வாசனையை ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகு வீடு மாறியபோது, புது வீட்டுச் சுவருக்கு அளவு பொருந்தாததால் அலமாரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். கூட எடுத்து வந்த போர்வையில் கொஞ்ச நாள் அந்த வாசனை இருந்தது. ஒரு துவைப்பில் அதுவும் போனபோது கொல்லையில் நின்று அழுதாள். துணிக்கு அழுகிறவளை முதல் முறையாகப் பார்க்கிறேன் என்று தச்சர் சொன்னார்.

இத்தனை வருடங்களில் அந்த வீட்டுப் படியை அவள் ஏறவில்லை. தெருவில் போகும்போது நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொள்வதோடு சரி. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடுப்பில் இரண்டு வயதுப் பையனோடு ஒரு சின்னப் பெண் காப்பக அறை வாசலில் தயங்கி நின்றாள். நர்ஸ் அனுப்பி வந்தவள். பையனுக்கு ஓயாத இளைப்பு; மூச்சு விடும்போது கீச் கீச்சென்று சத்தம். மருந்து கொடுத்தால் அடங்குகிறது, வீட்டுக்குப் போனால் திரும்ப வருகிறது. வீட்டையே ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள் என்றாராம் நர்ஸ். ஆனால் அந்தப் பெண்ணுக்கு உள்ளே வரவே பயம். குறை சொன்னதாக வீட்டுச் சொந்தக்காரர் காதுக்குப் போனால் காலி செய்யச் சொல்லிவிடுவார், இந்த மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றாள். எந்த வீடு என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். அவள் சொன்னாள். மூக்கக்கா எழுந்துவிட்டாள்.

"யாரு காதுக்கும் போகாது. நான் வரேன்" என்றாள். எலக்ட்ரீஷியன் தானும் வருவதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

அலமாரி அப்படியே இருந்தது. அந்தப் பெண் பெருமையோடு கதவைத் திறந்து காட்டினாள். இந்த அலமாரியைப் பார்த்துத்தான் இந்த வீட்டுக்கே வந்தோம் என்றாள். தாழ்ப்பாளாகத் தச்சர் செதுக்கிய கட்டைத் திருகு இன்னும் லேசாகச் சுழன்றது. மூக்கக்கா உள்ளே தலையை நீட்டினாள். அதே வாசனை. மழையும் மரமும் மடித்து வைத்த துணியும் சேர்ந்த வாசனை. சின்னவளின் கவுன்கள், பெரியவளின் பள்ளிப் பாவாடை, வேலை முடிந்து வந்து தச்சர் கழற்றி மாட்டுகிற சட்டை எல்லாம் ஒரே மூச்சில் வந்து நின்றன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு வேலையில் குறை வைக்கவில்லை. சமையலறைச் சுவரை முகர்ந்தாள், குளியலறை மூலையை முகர்ந்தாள், தவழ்ந்தாள், பையனின் பாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அறைக்குள் ஈரத்துணி காயப்போடாதே, சமைக்கும்போது ஜன்னலைத் திற, பாயை வெயிலில் போடு என்று சொன்னாள். எல்லாம் சரியான யோசனைகள்தான். வெளிச்சுவரை மட்டும் அவள் பார்க்கவில்லை. அங்கேதான் அலமாரி இருந்ததே.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் நடையே மாறியிருந்தது. தச்சரிடம் திருகைப் பற்றிச் சொன்னாள், கதவு இன்னும் சத்தமில்லாமல் சாத்துவதைப் பற்றிச் சொன்னாள். வெளியூரில் இருக்கும் பெண்கள் இருவருக்கும் போன் போட்டுச் சொன்னாள். அந்த வாரம் முழுவதும் பழைய கதைதான். பாத்திரம் கழுவும்போதுகூட ஏதோ ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு நர்ஸ் அறைக்குள் வந்ததும் வராததுமாக, மூலை வீட்டுப் பையனைப் பற்றிச் சொன்னார். வாரத்தின் நடுவில் உதடு நீலம் பாரித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். முகத்தில் மூடி வைத்து மருந்தாவி பிடித்த பிறகுதான் அழவே முடிந்ததாம். "அக்கா, அந்த வீட்டுல ஏதோ இருக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தா என்ன ஆகும்னு சொல்ல முடியாது" என்றார். நர்ஸ் பயமுறுத்துகிற ஆள் இல்லை. மூக்கக்காவுக்கு அன்று யார் வீட்டுக்கும் போக மனம் ஓடவில்லை.

மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். மனதுக்குள் அந்த வீட்டை இன்னொரு தடவை சுற்றி வந்தாள். சமையலறை, குளியலறை, பாய், ஜன்னல். எங்கேயும் இடறவில்லை. தச்சர் என்ன என்று கேட்டார். சொன்னாள்.

"அலமாரிப் பக்கம் பார்த்தியா?"

"பார்த்தேங்க. அதுல ஒண்ணும் இல்ல. தெறந்தா இன்னும் அதே மர வாசனை."

தச்சர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "மர வாசனையா? அது பெட்டிப் பலகைம்மா. ஆலைக்கு மெஷின் வந்த பெட்டியைப் பிரிச்சு செஞ்சது. இத்தனை வருஷம் கழிச்சு அதுக்கு ஏது வாசனை?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டினார். மூக்கக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அந்த வாசனையை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். பெயர் தெரியாத வீடொன்றில் முகர்வதைப் போல, வெறும் மூக்காக. நனைந்த பழைய காகிதம். மூடிய பெட்டிக்குள் மறந்துபோன ரொட்டி. வேறு யார் வீட்டில் என்றாலும் வாசலில் நின்றே பூஞ்சை என்று சொல்லியிருப்பாள். எத்தனை பேர் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவமானத்தில் முதலில் காது சூடானது. அதற்குப் பிறகு வந்தது அவமானம் இல்லை, துக்கம். வீட்டில் பெரிய சாவு விழுந்தது போன்ற துக்கம். எந்த வாசனையை அவள் தன் நல்ல காலத்தின் வாசனை என்று இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளோ, அது சுவர் அழுகின வாசனை.

தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். "உளியை எடுங்க. அதைப் பிரிக்கணும்."

தச்சர் எதை என்று கேட்கவில்லை. போய் உளிப் பையை எடுத்து வந்தார்.

போகிற வழியிலேயே வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டாள். வாடகைக்காரப் பெண்ணின் பெயரை எடுக்கவில்லை. நாங்கள் செய்த அலமாரி, கெட்டுப் போயிருக்கிறது, நாங்களே பிரித்துக்கொள்கிறோம், சுவரைக் கொத்தனார் சரி செய்து தருவார் என்றாள். உங்கள் அலமாரி, உங்கள் இஷ்டம் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றாள். சின்னவளுக்கு மழை வந்தால் இருமல். ஐஸ் திருடித் தின்கிறாள், மழையில் ஆடுகிறாள் என்று அதற்காக வாங்கிய அடி கொஞ்சமில்லை. கல்யாணமாகி வெளியூர் போனதும் இருமல் மாயமாகிவிட்டது. மாப்பிள்ளை ராசி என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்கள். மாப்பிள்ளையும் அதை நம்பி இன்றுவரை கொஞ்சம் மிதப்பாகத்தான் இருக்கிறார்.

"என்னங்க, சின்னவ ஐஸ் தின்னல" என்றாள்.

தச்சர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "கரி கொட்டுச்சு. தொட்டில்ல கொட்டுச்சு. அதனாலதானே அடைச்சேன்."

"தெரியும். நான்தானே அடைக்கச் சொன்னேன். வாங்க."

கதவைத் திறந்த பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. நல்ல அலமாரியை ஏன் பிரிக்க வேண்டும், பையனுக்குத்தான் இன்று பரவாயில்லையே என்றாள். மூக்கக்கா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். போன வாரம் தான் சரியாகப் பார்க்கவில்லை என்றாள். எனக்குப் பிடித்த அலமாரி என்பதால் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். துணிகளையெல்லாம் எடுத்து ஒரு விரிப்பில் மூட்டையாகக் கட்டினார்கள். கொதிக்கும் தண்ணீரில் துவைக்க வேண்டும். பையன் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவன் மூச்சுச் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆணி இல்லாததால் உடைக்க வேண்டியிருக்கவில்லை. தச்சர் மாட்டிய வரிசைக்கு எதிர் வரிசையில் ஒவ்வொரு பொருத்தாகத் தட்டித் தட்டிக் கழற்றினார். கதவுகள், தட்டுகள், பக்கப் பலகைகள். கையில் எடுத்த ஒவ்வொன்றையும் புரட்டி ஒரு பார்வை பார்த்துச் சுவரில் சாய்த்து வைத்தார். கீழ்த்தட்டைக் கழற்றும்போது மட்டும் உளி வழுக்கிக் கட்டை விரலைக் கீறிவிட்டது. அந்தக் கையில் உளி வழுக்கி மூக்கக்கா பார்த்ததில்லை. கடைசியாகப் பின்பலகை. அதன் ஓரத்தில் உளியை வைத்து நெம்பியதும் ஈரமாக ஒரு சத்தத்தோடு சுவரை விட்டு வந்தது.

சுவர் கறுத்துக் கிடந்தது. தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுப்புக்கரி பூசியது போல, நடு நடுவே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய். மேலே, காற்றுத் துளையில், தச்சரின் பழைய காக்கிச் சட்டை உருட்டித் திணித்தபடி இருந்தது. இத்தனை வருடம் பலகைக்குப் பின்னால் அடைபட்டிருந்த வாசனை அறை முழுக்க இறங்கியது. அந்தப் பெண் பையனை வாரித் தூக்கி, முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள். தச்சர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நீயும் வா, ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வரலாம் என்று கையைக் காட்டினார்.

மூக்கக்கா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். காக்கிச் சட்டையின் நுனியைப் பிடித்தாள். பிடித்தவள் உடனே இழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கறுத்த சுவருக்கு முகத்தைக் கொடுத்து, நெஞ்சு கொள்ளுகிற மட்டும் ஒரு மூச்சு உள்ளே இழுத்தாள். பிறகு சட்டையை உருவி எடுத்தாள்.